கண்ணை மூடிக்கொண்டு ஒரு சேலை வாங்கிப் பாருங்கள்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிற கடைக்கு இணையதளம் வைத்திருக்கிறீர்களா? சரி, என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை (பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) கணினியில் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் தளத்திலேயே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள்.

சேலைப் படமே லிங்க்காக இருந்து, அதற்கு ஆல்ட் விளக்கம் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் எழுத்து) எழுதாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் கோப்பின் பெயரைத்தான் திரைவாசிப்பான் வாசிக்கும். பார்வையற்றவர் அதை வைத்து எந்தச் சேலையை எடுப்பார்? "அரக்குச் சிவப்பு, வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கரை" என்று, கடைக்கு வருகிற அக்காவிடம் சொல்வது போலவே எழுதுங்கள். விலைப்பட்டியலைப் படமாகப் போடவே போடாதீர்கள்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 வேண்டும். அப்புறம் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, கீபோர்டால் மட்டுமே பணம் கட்டுவது வரை போய்ப் பாருங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே முதலில் சரிசெய்யுங்கள்.