வாழ்க்கைக் கதைகளைப் பகிரும் கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாறுபட்ட பின்னணி கொண்டவர்களை ஒன்றாக உட்காரவைத்து அவரவர் கதையைச் சொல்லவைத்தால் புரிதல் தானாக வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. சியரா லியோனில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு கிராமங்களில் நடந்த நல்லிணக்கக் கூட்டங்களைப் பற்றி 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, மன்னிக்கும் மனப்பாங்கும் ஊர்மக்களிடையே உறவும் கூடியிருந்ததைக் காட்டியது. அதே கிராமங்களில் மனச்சோர்வும் பதற்றமும் அதிகரித்திருந்ததையும் காட்டியது. ஊருக்குக் கிடைத்த நன்மைக்குத் தனிமனிதர்களின் மனம் விலை கொடுத்திருக்கிறது. ஆகவே, பேசியவரை மறுநாளும் மறுவாரமும் யார் விசாரிப்பார் என்பதை முடிவு செய்யாமல் இத்தகைய கூட்டத்தை அறிவிக்கவே கூடாது.

யாரைப் பேசவைக்கிறோம் என்பதில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. பன்னிரண்டு பேர் கூடிய அறையில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரைப் பார்த்து, “உங்களைப் போன்றவர்களுக்கு இங்கே என்ன சிரமம்?” என்று கேட்ட கணமே அவர் தம் கதையை இழந்து ஒரு பிரிவினரின் பிரதிநிதியாகிவிடுகிறார், மற்ற பதினொரு பேரும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். குழுக்களுக்கிடையேயான தொடர்பு முன்முடிவுகளைக் குறைக்க வேண்டுமானால் இரு தரப்பும் சம நிலையில் சந்திக்க வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். ஒருவர் ஒதுக்கப்பட்டபோது தாம் வாய்மூடி நின்ற சந்தர்ப்பத்தை அந்தப் பதினொருவரும் சொல்லத் துணிந்தால்தான் தம்மைத் தாமே அறிவது என்பது அங்கே நிகழும். அதற்காக எவரையும் வற்புறுத்தவும் கூடாது. “இன்று நான் சொல்லவில்லை” என்பது காரணம் கேட்கப்படாமல் ஏற்கப்பட வேண்டிய பதில்.

கேட்பவர்கள் செய்யும் தவறுகள் நல்லெண்ணத்திலிருந்தே வருவதால் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. “எனக்கும் இப்படித்தான் நடந்தது”, “அவர் அந்த எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்” என்ற இரண்டும் கதையைச் சொன்னவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. கேட்பதே ஒரு சுமை என்பதையும் மறக்கக் கூடாது. நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் சாட்சிகளின் துயரத்தை ‘நான்’ என்று தன்மையிலேயே பேச வேண்டியிருந்தது. அதன் பாதிப்பு அவர்களில் பலரை விசாரணைக்குப் பிறகும் விடவில்லை.

பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். கதைக்குள் வரும் தாயும் சகோதரரும் அனுமதி கொடுக்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மன்னிப்பில் முடியும் கதையே நல்ல கதை என்ற எதிர்பார்ப்பைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் கோபம் தணியாதவர் அதனால் இரண்டாம் முறையும் ஒதுக்கப்படுகிறார். அதே தென்னாப்பிரிக்க ஆணையத்திடம் சுமார் 21,000 பேர் வாக்குமூலம் அளித்தனர்; ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைக்க, அரசோ 2003-இல் ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட் அறிவித்தது. தங்கள் வலி கேட்கப்பட்டது, கணக்கில் எடுக்கப்படவில்லை என்ற கசப்பு பலரிடம் எஞ்சியது. பழங்குடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் பட்ட துன்பத்தை விசாரித்த கனடாவின் ஆணையம் 2015-இல் தான் கேட்ட கதைகளோடு 94 செயல் கோரிக்கைகளையும் முன்வைத்ததால், எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று இன்றும் எண்ணிக் கேட்க முடிகிறது. ஒரு நிறுவனம் தன் விதிகளில் எதையும் மாற்றப்போவதில்லை என்றால், அதை அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வருவதா வேண்டாமா என்று கதைக்கு உரியவர் தீர்மானித்துக்கொள்வார்.