அமைதியான பயணப் படம்: குறும்படக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

சாலை இருக்கிறது, ஜன்னலோரம் ஒரு முகம் இருக்கிறது, கதை எதற்கு என்று கேமராவோடு கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலான படங்கள் அங்கேயே படுத்துவிடுகின்றன. யார், எங்கே, எதற்காகப் போகிறார் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால்தான் பார்ப்பவர் அவசரப்படாமல் கூடவே வருவார். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’யை (1999) எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் பேசாத சகோதரருக்குப் பக்கவாதம். பார்க்கப் போக வேண்டிய முதியவருக்கோ கண் மங்கல், லைசென்ஸ் கிடையாது. புல்வெட்டும் வண்டியில் ஏறி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து விஸ்கான்சினுக்குச் சுமார் 385 கி.மீ. போகிறார். 1994-இல் உண்மையாகவே நடந்தது இது. இவ்வளவும் தெரிந்தபின் வில்லன் எதற்கு?

வண்டியை யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. அந்தப் புல்வெட்டும் வண்டியின் வேகம் மணிக்கு 8 கி.மீ. அதனால்தான் வழியில் ஆட்கள் வந்து பேச முடிகிறது, வண்டியின் பெல்ட் அறுந்தால் ஊரே உதவிக்கு வருகிறது. 80-இல் பறக்கும் காருக்குள் யார் வந்து பேசுவார்? அதே படத்தில் கேமரா சாலையை விட்டு வானத்துக்கு நிமிர்ந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்ப இறங்கும். மனிதர் சில அடிதான் நகர்ந்திருப்பார். வேகத்தை வைத்தே சிரிப்பு. ட்ரோன் ஷாட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று தூவினாலும் இது கிடைக்காது.

அதிகம் கெடுவது சத்தம்தான். அமைதியான காட்சி என்று ஆடியோவை அடியோடு வெட்டினால், ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். இன்ஜின் ஓடும்போது, அணைத்தபின், கண்ணாடி இறக்கி, ஏற்றி என ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் குத்திய மைக்கில் சீட் பெல்ட் உரசும். சன் வைசரில் ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஏசியை அணைத்துவிடுங்கள். ஷாட் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அதே வசனத்தை அதே வேகத்தில் ஒருமுறை பேசவைத்துப் பதிவுசெய்தால் எடிட்டிங்கில் கைகொடுக்கும். பின்னணி இசையை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையே இல்லாமல், ஆட்டோவும் பைக்கும் எழுப்பும் சத்தத்திலேயே ஓடிய படம்.

முன்கண்ணாடியில் மரமும் வானமும் பிரதிபலித்து முகத்தை மறைத்தால் லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டலாம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சம் குறையும், அதற்கேற்ப எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். பக்கக் கண்ணாடி வழியாக எடுக்கும்போது அதே போலரைசர் புள்ளி புள்ளியாகக் கறை காட்டும். அந்தக் கண்ணாடி சூடாக்கிக் கெட்டிப்படுத்தப்பட்டது என்பதால் அப்படி. கறை தெரிந்தால் கழற்றிவிடுங்கள்.

ரீடேக்கில் இன்னொரு கண்ணி உண்டு. மாலை நாலு மணிக்கு மேற்கே போகிற வண்டியில் முகத்தில் வெயில் அடிக்கும். திரும்பி வரும்போதும் படம்பிடித்தால் அதே வெயில் பின்னந்தலைக்குப் போய்விடும், இரண்டையும் ஒட்டவே முடியாது. மூன்று கி.மீ. நேர்ச்சாலை ஒன்றைப் பிடித்து, ஒரே திசையில் மட்டும் எடுங்கள். திரும்புவது வெறும் ஓட்டம். முடிந்தவரை கதை வரிசையிலேயே எடுத்தால் தூசியும் தாடியும் களைப்பும் தாமாகப் பொருந்தும். லிஞ்ச் அந்த முதியவர் போன வழியிலேயே, வரிசையாக எடுத்தார்.

நடிகரை ஓட்டவும் வைத்து நீள வசனமும் பேச வைப்பது விபத்துக்கு அழைப்பு. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’யில் (1997) பேசும் இருவரையும் தனித்தனியாக எடுத்தார், மற்ற இருக்கையில் அவரே உட்கார்ந்துகொண்டார். உங்களிடம் ஒரே கார்தான் என்றால், நெருக்கமான ஷாட்களை நிறுத்திய வண்டியில் எடுங்கள். கேமராவைத் தாழ்த்தி வைத்தால் ஜன்னலில் வானம் மட்டும் தெரியும், நிற்கிற மரம் காட்டிக்கொடுக்காது. வெளியே ஒருவர் பம்பரை லேசாக அழுத்தி விட்டால் போதும், வண்டி ஓடுவதுபோல் ஆடும். ஒரே தாளத்தில் ஆட்டினால்தான் பொய் தெரியும்.