யூட்டாவில் வரலாறு பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செம்பாறைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். வரலாற்று இடங்களை 'வழியில் இருந்தால் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவதால், குளறுபடியும் அங்கேதான் அதிகம்.

பெயர்க் குழப்பம் முதலில். 1869 மே 10 அன்று கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் ஆகிய இரு ரயில் பாதைகளும் இணைந்து, அமெரிக்கக் கண்டத்தைக் கடக்கும் முதல் ரயில் வழி முழுமையான இடம் ப்ராமன்டரி சம்மிட். ப்ராமன்டரி பாயின்ட் வேறு. அது வெகு தெற்கே, கிரேட் சால்ட் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. மேப்பில் பெயரை முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, சம்மிட்டுக்கே போய்விட்டீர்கள். இணைப்பு விழாவில் பாதையில் வைத்த தங்க ஆணியை அங்கே தேடாதீர்கள். ஏற்கெனவே துளையிட்ட கட்டையில் சும்மா செருகி, விழா முடிந்ததும் உருவிவிட்டார்கள்; இன்று அது கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பொறித்திருக்கும் தேதி மே 8. அன்றுதான் விழா நடப்பதாக இருந்தது, இரண்டு நாள் தள்ளிப்போனது. விழாவில் நின்றதைப் போலவே அங்கே நேருக்கு நேர் நிற்கும் 'ஜூபிடர்', '119' இன்ஜின்களும் 1979-இல் வந்து சேர்ந்த நகல்கள்தான். அசல்கள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. 1904-இல் ஏரியின் குறுக்கே குறுக்குப்பாதை போட்டதும் இந்த வழி ஓய்ந்துபோனது. 1942-இல் போர்த் தேவைக்காகத் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்காக, போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். கோடையில் நீராவி விட்டு ஓட்டிக் காட்டும்போது பார்த்தால் நகல், அசல் கணக்கெல்லாம் மறந்துவிடும்.

இங்கே பலரும் செய்வது, புகழ்பெற்ற அந்த இணைப்பு விழாப் படத்தை முழுக் கதையாக எடுத்துக்கொள்வது. பாட்டில் நீட்டும் ஆட்களெல்லாம் தெரிகிறார்கள். சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைலுக்குத் தண்டவாளம் போட்டார்கள். அன்று தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கூட உழைத்த சீனர்களின் பெயர்கள் இல்லை. வண்டியைத் திருப்புவதற்கு முன் அந்தச் சாதனையைக் குறிக்கும் பத்து மைல் பலகையையும் பார்த்துவிடுங்கள்.

சால்ட் லேக் சிட்டியில் கேட்கும் கதையிலும் ஒரு திருத்தம் உண்டு. 1847 ஜூலையில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மக்கள் வந்து இறங்கியபோது இது அமெரிக்க மண்ணே இல்லை, மெக்சிகோவுடையது. 1848 உடன்படிக்கையில்தான் கைமாறியது. ஆளில்லாத வெறும் பாலைவனம் என்பதும் தவறு. யூட், ஷொஷோனி, கோஷூட், பையூட் பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கு வாழ்ந்தவர்கள்.

அப்புறம், பாறை ஓவியங்களைத் தொடாதீர்கள். விரலிலுள்ள எண்ணெய்ப் பசையே அவற்றைக் கெடுக்கும்.

யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள மான்யுமென்ட் வேலியில் தேசியப் பூங்கா பாஸைக் காட்டினால் செல்லாது. அது நவஹோ பழங்குடி மக்களின் பூங்கா, கட்டணம் தனி. அங்குள்ள பார்வையாளர் மையம் அரிசோனா எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் நவஹோ பகுதியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அரிசோனாவின் மற்ற இடங்களில் அந்த வழக்கம் இல்லை. ஜீப் பயணத்துக்கு முன்பதிவு செய்திருந்தால், போனில் தெரியும் நேரத்தை நம்பாமல் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.