பாதியில் நிற்கும் ஓவியத்தை இப்படிக் கெடுத்துவிடாதீர்கள்

முகம் ஒன்றை வரையத் தொடங்கியதும் பலர் நேராகக் கண்ணுக்குப் போய்விடுகிறார்கள். இமைமுடி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி எல்லாம் முதல் நாளே முடிந்துவிடும். மூன்றாம் நாள் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் கண் ஒரு விரற்கடை விலகி நிற்கும், ஆனால் அவ்வளவு அழகாக வந்ததை அழிக்க மனசு வராமல் மூக்கையும் தாடையையும் அதற்கேற்ப நகர்த்தி நகர்த்தி, கடைசியில் வேறு யாரோ ஒருவரின் முகமாகிவிடும். நானும் இப்படி இரண்டு மூன்று படங்களை இழந்திருக்கிறேன். பெரிய நிழல், பெரிய வெளிச்சம் என்று படம் முழுக்க ஒன்றாக வளரட்டும், கண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, வேலை நடக்கும்போது படம் பிடித்து வைக்காமல் விடுவது. பிக்காசோ 1937ல் 'குவெர்னிகா' என்ற தன் பெரிய போர் எதிர்ப்பு ஓவியத்தை வரைந்தபோது புகைப்படக் கலைஞர் டோரா மார் அதைக் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்தார். ஆரம்பத்தில் முஷ்டி மடக்கி உயர்ந்த ஒரு கை அதில் இருந்தது, முடிந்த ஓவியத்தில் அது இல்லை. அந்தப் படங்கள் இருப்பதால்தான் எதை எடுத்தார், எதை விட்டார் என்று நமக்குத் தெரிகிறது. தினமும் வேலை முடிந்ததும் ஒரே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள், செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தது வெள்ளிக்கிழமை எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. ஆனால் எடுத்ததை உடனே எல்லோருக்கும் காட்டாதீர்கள். பாதிப் படத்துக்கு நாற்பது பேர் "சூப்பர்" போட்டுவிட்டால், அப்புறம் அதில் கை வைக்கவே பயம் வந்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஊக்கத்தை முழுக்கத் திரையிலிருந்து மட்டும் எடுப்பதுதான். மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிகளைச் சாயங்காலம் போனில் எடுத்தால் நிழல் வெறும் கறுப்பாக விழும். அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள், அந்த நிழலுக்குள் ஊதா இருக்கும், தண்ணீரின் பச்சை அடிப்படியில் ஏறியிருக்கும், மேல்படியில் கல்லின் சூடான பழுப்பு தெரியும். ஒரு சின்ன நோட்டில் "மேலே பழுப்பு, கீழே பச்சை கலந்த சாம்பல்" என்று எழுதி வைத்தாலே போதும். ஊக்கம் பெரிய காட்சியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966ல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், தன் புகழ்பெற்ற 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கக் காரணமாக இருந்தது ஒரு மாணவரின் நோட்டுப் பக்கம்.

இன்னொருவரின் ஓவியம் பிடித்திருந்தால் தாராளமாகப் பார்த்து வரையுங்கள், வான்கோவே ஹிரோஷிகேயின் ஜப்பானிய அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்தவர்தான். யாருடையதைப் பார்த்து வரைந்தோம் என்று சொல்லாமல் தன் பெயரை மட்டும் போடுவதுதான் தவறு.

வண்ணப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயில் பெயிண்டின் மேல் அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும் வண்ணம்) பூசாதீர்கள், ஒட்டாமல் உரிந்து வரும். அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம். ஆயிலில் கீழ் அடுக்கு டர்பன்டைன் கலந்து மெலிதாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், மாறிப்போனால் வெடிப்பு விடும். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது, அதனால் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே வார்னிஷ் அடிக்காதீர்கள். அக்ரிலிக் காய்ந்தால் நிறம் கொஞ்சம் அடர்ந்துவிடும், ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்ய வேண்டாம். ராத்திரி டியூப்லைட்டில் செய்த நிறத் திருத்தத்தையும் காலை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே படத்தோடு மல்லுக்கட்டுவதையும் விடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே அந்நாட்டின் ரூவன் தேவாலயத்தை 1892லும் 1893லும் வரைந்தபோது பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார். நமக்கு இரண்டு மூன்று போதும். ஒன்று சிக்கிக்கொண்டால் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், ஒரு வாரம் கழித்துத் திருப்பினால் தவறு எங்கே என்று முதல் பார்வையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.