நம்ம தெருவுக்கு உடம்புக்கு என்ன? கணக்கெடுக்கும் முறை

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒரு வார்டில் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம். நான் குடியிருக்கும் வியாசர்பாடியில் ஒரே வார்டுக்குள் மெயின் ரோட்டு மேல் மூன்று மாடி வீடும் உண்டு, அதற்குப் பின்னால் கேப்டன் காட்டன் கால்வாய் ஓரமாக எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீடும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து "வார்டில் காய்ச்சல் கட்டுக்குள் உள்ளது" என்று எழுதிவிட்டால் கால்வாய் ஓரச் சந்து கணக்கிலேயே வராது. அதனால் சந்து சந்தாக நாமே எண்ணிவிடுவது நல்லது. போலியோ சொட்டு மருந்துக்கும் மகளிர் குழு வேலைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கியதில் எனக்குக் கை வந்த முறை இது. பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு நீள நோட்டு, இரண்டு பேனா, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

எந்தெந்த வீடு?

அறுபது எழுபது வீட்டுக்கு மேல் போகாதீர்கள். எடுக்கிறவர் சலித்துப் போனால் கடைசி இருபது வீட்டுக் கணக்கு கற்பனையாகிவிடும். தெருப் பெயரை வைத்து எல்லை போடாமல் தண்ணீர்க் குழாயை வைத்துப் போடுங்கள். ஒரே மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லைனில் தண்ணீர் பிடிக்கிற வீடுகள் எல்லாம் ஒரு கூட்டம். எந்த வீடு எந்த லைன் என்று தெரியவில்லையா? தண்ணீர் விடுகிற நேரத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். எந்த வீட்டு அடிபம்பில் முதலில் வருகிறது, எதில் கடைசியில் சொட்டுகிறது என்று பார்த்தாலே லைன் போகும் வழி பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஒரு சார்ட் பேப்பரில் வரைபடம். அழகாக இருக்கத் தேவையில்லை. வீடுகளுக்கு வரிசை எண், பொதுக் கழிப்பறை, சின்டெக்ஸ் தொட்டி, குப்பைத் தொட்டி, அங்கன்வாடி, மழை பெய்தால் பொங்குகிற சாக்கடை மூடி, லாரி வந்து நிற்கிற இடம் எல்லாம் அதில் வர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒவ்வொரு வீட்டிலும் சுவரைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று எழுதினாலே போதும். எங்கே தண்ணீர் ஏறுகிறதோ அங்கே குழாயும் சாக்கடையும் ஒன்றாக மூழ்குகிறது என்று அர்த்தம். பின்னால் இந்தக் குறிப்புக்கு நிறைய வேலை இருக்கிறது.

யார் போவது, எப்போது போவது

இரண்டு பேராகப் போங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கட்சிக்காரர் யாரையும் சேர்க்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கரை வேட்டியைப் பார்த்ததும் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் "ஒண்ணும் குறையில்ல" என்பார்கள், மீதிப் பேர் எல்லாவற்றையும் குறை என்பார்கள்.

தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் கதவைத் தட்டினால் திட்டுதான் கிடைக்கும். சமையல் முடிந்து பதினொரு மணிக்கு மேல் நல்லது. காசிமேட்டுக்கு விடியற்காலம் மீன் எடுக்கப் போகிற பெண்கள் மதியம் தூங்குவார்கள், அவர்களைச் சாயங்காலம் பாருங்கள். ஆண்களைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் கால்பந்து மேட்ச் இல்லாத ஞாயிறாகப் பார்த்துப் போங்கள்.

நோட்டோடு ஆள் வந்தாலே எங்கள் பக்கம் முதலில் வருகிற கேள்வி இது: "இன்னாக்கா எழுதுற? மறுபடியும் கண்ணகி நகரா?" கண்ணகி நகர் என்பது குடிசைகளைக் காலி செய்தவர்களைக் கொண்டுபோய் வைத்த ஊர்க்கோடிக் குடியிருப்பு. கால்வாய் ஓரத்து ஆட்களுக்குக் கணக்கெடுப்பு என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு முந்தின நாள். அந்தப் பயம் நியாயமானது, சிரித்து ஒதுக்காதீர்கள். "ஆதார், ரேஷன் கார்டு எதுவும் கேக்க மாட்டேன், பேரும் எழுத மாட்டேன், வீட்டு வரிசை எண் மட்டும்தான்" என்று சொல்லி, நோட்டைத் திருப்பி அவர்கள் கையிலேயே கொடுங்கள். எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு ஆயாக்களே அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். சொன்னபடி பெயர் எழுதாமலும் இருக்க வேண்டும். எண்ணுக்கு யார் என்கிற பட்டியல் தனித் தாளில், ஒருவர் பீரோவில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வியின் வரிசை

நோயில் ஆரம்பிக்காதீர்கள். "வீட்ல யாருக்காச்சும் வியாதி உண்டா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் பதில் வரும். தண்ணீரில் ஆரம்பியுங்கள். தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் பேசாத ஆள் சென்னையில் கிடையாது. எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை குடம், எதில் பிடித்து வைக்கிறார்கள், குடிக்கக் கேன் வாங்கினால் மாதம் எத்தனை கேன். பேச்சு சூடு பிடித்ததும் கழிப்பறைக்கு வாருங்கள். இதைப் பெண்களிடம் பெண் மட்டும், ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். "ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க போவீங்க?" என்ற ஒரே கேள்வி போதும். பொதுக் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களும், நீர்க்கடுப்பு வந்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெண்களும் அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

நோயைக் கேட்கும்போது கால அளவு சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் கடந்த இரண்டு வாரம். மஞ்சள் காமாலை என்றால் இரண்டு மாதம். கெட்ட தண்ணீரால் வரும் காமாலை உடம்புக்குள் போய் வெளியே தெரிவதற்கே பல வாரம் ஆகும், இன்றைய தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் சாவு என்றால் ஒரு வருடம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அன்றைக்கே சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கணக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். இது பலருக்குத் தெரியவே தெரியாது.

சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்களிடம் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டுவார்கள். மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் வாங்கியது, எத்தனை மீதி என்று எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை, அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடிப் பெரியவர் கீழே இறங்குவதில்லை. யாருக்கு எதனால் மருந்து விட்டுப்போகிறது என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: புகை வந்த ராத்திரிகள், அந்த ராத்திரியில் மூச்சு இழுத்த பிள்ளைகள். தேதியோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கை நாடா வைத்து அளக்கலாம். ஆறு மாதம் முடிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். இடது மேல் கையின் நடுவில் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லுங்கள். 11.5க்கும் கீழே என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டிய நிலை.

வருமானம் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். யாரும் உண்மை சொல்வதில்லை, நானும் சொல்ல மாட்டேன். "போன மூணு மாசத்துல ஆஸ்பத்திரி செலவுக்காக தண்டல் வாங்குனீங்களா, எதையாச்சும் அடகு வச்சீங்களா?" என்று கேளுங்கள். வறுமை எந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். குடியைப் பற்றியும் நேராகக் கேட்க வேண்டாம். "யாராச்சும் கீழ விழுந்து அடிபட்டாங்களா, வேலைக்குப் போகாம இருக்காங்களா?" என்றால் அந்தக் கதையும் தானாக வரும்.

தண்ணீரைச் சோதிப்பது

இதில் கொஞ்சம் நேரம் செலவு செய்யுங்கள். எங்கள் பக்கத்து வயிற்று நோய்க்குப் பெரும்பாலும் வழி இதுதான். தண்ணீர் நாள் முழுக்க வந்தால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தாலும் வெளியேதான் கசியும். விட்டு விட்டு வரும்போது இடைநேரத்தில் குழாய் காலியாகிறது. குறுகிய சந்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒட்டி ஒட்டித்தான் போகும். காலிக் குழாயில் நாம் அடிபம்பையோ மோட்டாரையோ போட்டு இழுத்தால், உடைந்த ஜாயின்ட் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். முதல் குடம் கறுப்பாக, நாற்றத்தோடு வருவதன் காரணம் இதுதான்.

தண்ணீர் விடுகிற நாளில் லைனின் தொடக்கத்தில் ஒரு வீடு, நடுவில் இரண்டு, கடைக்கோடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதல் குடத்திலும் ஐந்தாவது குடத்திலும் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், குடிக்காதீர்கள். நீச்சல் குளச் சாமான் விற்கிற கடையில் குளோரின் பார்க்கிற சின்னக் கிட் கிடைக்கும். சொட்டு மருந்தை விட்டதும் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, நிறமே மாறாவிட்டால் இல்லை. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பலனைப் படிப்பது எளிது. ஒரே வீட்டில் மட்டும் நாற்றம் என்றால் கோளாறு அந்த வீட்டு இணைப்பில். பதினாறாம் எண் வீடு வரை நன்றாக இருந்து, பதினேழிலிருந்து எல்லாம் நாறினால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ உடைப்பு. தொடக்க வீட்டிலேயே நாறினால் பெரிய லைனில் கோளாறு. வரைபடத்தில் இதைச் சிவப்புப் பேனாவால் குறித்துக் கொடுத்தால் பொறியாளருக்கு எங்கே பள்ளம் தோண்டுவது என்று தெரிந்துவிடும். "தெரு முழுக்க கெட்ட தண்ணி" என்று நாற்பது கையெழுத்தோடு கொடுக்கிற மனுவைவிட இந்த ஒரு சிவப்புக் கோட்டுக்கு வேலை சீக்கிரம் நடக்கும். அதுவரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

எழுதிக் கொடுப்பது

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். மொத்த எண்ணிக்கை வேண்டாம், சந்துக்குச் சந்து ஒப்பிடுங்கள். உதாரணமாக, நடுச் சந்தில் 22 வீட்டில் 3 வீட்டிலும், கால்வாய் ஓரம் 19 வீட்டில் 8 வீட்டிலும் வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். ஏழில் ஒன்று, ஐந்தில் இரண்டு. "பாதிப்பு அதிகம்" என்று எழுதினால் வாதாடுவார்கள், இந்த மாதிரி எழுதினால் வந்து பார்ப்பார்கள். ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. ஐந்து கேட்டால் அதில் சுலபமானதைச் செய்துவிட்டு மனுவை மூடிவிடுவார்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். தெருவில் போகிற குடிநீர், கழிவுநீர்க் குழாய் என்றால் மெட்ரோ வாட்டர் டிப்போ, போனில் 1916. குப்பை, கொசு, மழைநீர் வடிகால், பொதுக் கழிப்பறை என்றால் மாநகராட்சி, எண் 1913. குடியிருப்பு பிளாக்குக்குள் இருக்கிற குழாயும் படிக்கட்டும் என்றால் வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதும் நாம் இன்னும் ஹவுசிங் போர்டு என்று சொல்வதும் இதைத்தான். போனில் புகார் சொன்னால் புகார் எண்ணையும், நேரில் கொடுத்தால் சீல் போட்ட நகலையும் வாங்காமல் நகராதீர்கள்.

நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை கூடத் தொடங்கியிருக்கிறது. கிராம சபை மாதிரி நமக்கு அது. கவுன்சிலர் பேசி முடித்ததும் எழுந்து உங்கள் ஒரு பக்கத்தைப் படியுங்கள், மினிட்ஸ் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எதுவும் நடக்கவில்லையா, பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் எங்கள் சந்தில் எந்தெந்தத் தேதியில் தண்ணீர் மாதிரி எடுத்தீர்கள், முடிவு என்ன? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே மாதிரி எடுக்க ஆள் வருவதும் உண்டு.

அதிகாரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் தெருவுக்குப் படித்துக் காட்டுங்கள். பதில் சொன்னவர்களுக்கு முதலில் தெரிய வேண்டாமா? அம்மன் கோயில் வாசலோ சர்ச் வாசலோ எதுவானாலும் சரி. அங்கேயே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குப் பதிவு செய்யாத கர்ப்பிணிகள் யார் யார் என்று பார்த்து, மறுநாளே கூட்டிக்கொண்டு போக ஆள் போட்டுவிடலாம். அதற்கு எந்தப் பொறியாளரும் வரத் தேவையில்லை.

இதே கணக்கை அக்டோபரில் மழைக்கு முன்னால் ஒரு முறையும், பொங்கல் முடிந்து ஒரு முறையும் எடுங்கள். வீட்டு வரிசை எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆள் காலி செய்துகொண்டு போனாலும் பதினேழு பதினேழாகவே இருக்கட்டும்.