ஜீவனாம்ச மனு: இலவச வக்கீல் முதல் நிலுவை வசூல் வரை

பிரிந்து வாழும் மனைவியும் பிள்ளைகளும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது ஏழைக்கும் வசதியானவருக்கும் ஒரே சட்டம்தான். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நீதிமன்றப் படியே ஏறாதவர் கைக்கு அந்தச் சட்டம் வந்து சேர்வதில்லை. ஆகவே முதலில் வக்கீல்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, தாலுகா நீதிமன்றத்திலுள்ள வட்டக் குழுவுக்கோ போங்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. வருமானச் சான்றிதழ் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். அங்கே நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

மனு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144ஆம் பிரிவில் (2024 ஜூலைக்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு). நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவரும் கேட்கலாம். சிறு வேலைக்குப் போவதாலேயே உரிமை போய்விடாது; சம்பளத்தை மறைத்தால்தான் வழக்கு கெடும்.

பல மனுக்கள் தொகையில் தோற்கின்றன. 'மாதம் பத்தாயிரம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் நீதிபதி எதை வைத்து முடிவு செய்வார்? வாடகை ரசீது, பள்ளிக் கட்டணம், மருந்துச் சீட்டு, மளிகைக் கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றது. எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். வாய்தா மேல் வாய்தா கேட்டு வேண்டுமென்றே இழுத்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கும்படி கேளுங்கள். கணவருடைய வேலை இடம், வாகனம், நிலம் பற்றித் தெரிந்ததையெல்லாம் வக்கீலிடம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

முதல் நாளே இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்துப் போடுங்கள். நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடியவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இறுதித் தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்பதும் அந்த ரஜ்னேஷ் வழக்கின் தீர்ப்பு. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போடவேண்டும். அதற்கு மேற்பட்ட நிலுவைக்கு இந்தப் பிரிவில் வாரண்டு கிடைக்காது. பணம் கட்டாததற்காகக் கணவர் சிறைக்குப் போய்வந்தாலும் கடன் தீராது. நிலுவை அப்படியே நிற்கும்.