மிஷினில் உட்காருவதற்கு முன்

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆண்டவருக்கு முதலிடம் கொடுங்கள் என்று கோயிலில் கேட்காத ஞாயிறு குறைவு. ஆனால் அடுப்பில் பால் பொங்குகிறது, பிள்ளைக்கு ஆட்டோ வந்துவிட்டது, வாசலில் ஒருத்தி நாளைக்குக் கல்யாணம் என்று நிற்கிறாள். அந்த நேரத்தில் முதலிடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தப்பும் தவறுமாக நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

ஒரு டிசம்பரில் வந்த ஆர்டரையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டேன். இருபத்துநான்காம் தேதி ராத்திரி கொக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். விடியற்காலை ஆராதனைக்கு மணி அடித்தபோது மிஷின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். தெருவே நான் தைத்ததைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனது. அந்த வருஷம் கையில் நல்ல பணம். சொல்லப்போனால் அதுதான் கூடுதலாக உறுத்தியது.

அப்போதுதான் அம்மாவின் அரிசி டின் நினைவுக்கு வந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னாலேயே ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். சோறு மிஞ்சினால் கொடுப்போம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு பிடி குறைந்ததால் நாங்கள் பட்டினி கிடந்ததும் இல்லை. 1903-ல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினபோது, ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். இங்கேயிருந்து தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் ஆள் அனுப்பினார்கள். பெரிய ஜமீன்கள் கொடுத்த பணமாக எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட டின்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆக, வழி இதுதான்: எதுவானாலும் மற்றதோடு கலப்பதற்கு முன் எடுத்து வைத்துவிடுங்கள்.

காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். போனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எனக்கு அலாரத்துக்காக வேண்டியிருந்தது. நூறு சொச்சம் ரூபாய்க்கு ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கினதும் அந்தச் சாக்கு போயிற்று. பைபிள் போனிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதற்கு மேலேயே குடும்பக் குரூப்பும் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தை எடுங்கள். மொத்தம் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். அது முடியாதவர்கள் ஒன்றே ஒன்று படியுங்கள், ஆனால் காபிக்கு முன்னால் படியுங்கள். ஜெபத்தை நீட்ட வேண்டாம். நான் ஆர்டர் நோட்டைத் திறந்து, அன்றைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வேன். மனம் அலைகிறதே என்ற கவலைக்கு இடமே இல்லை, அலைகிற இடத்தையே ஜெபமாக்கிவிட்டேன்.

பணம் அடுத்தது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போது, வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கபடி சேர்த்துவைக்கச் சொல்கிறார். தினக்கூலிக்காரர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். என் மேஜை இழுப்பறையில் ஒரு கவர் இருக்கிறது. லைனிங், நூல், கொக்கிக்கு ஆன செலவு போக, கூலியில் பத்தில் ஒன்று அன்றைக்கு அன்றே அதற்குள் போகும். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கரண்ட் பில் வந்து தின்றுவிடும். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். போட்டால் பத்து மடங்கு திரும்பி வரும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, அது காணிக்கை இல்லை, சீட்டு. வீட்டில் மாமியாருக்கு பிரஷர் மாத்திரை வாங்காமல் கவரை நிரப்புவதும் கூடாது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு என்ன கேட்டார் என்று மாற்கு 7-ல் போய்ப் பாருங்கள்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது வாக்குதான். தையல்காரியின் பொய் ஊருக்கே தெரியும்: "நாளைக்குக் கண்டிப்பா தர்றேன்." காலையில் மூன்று அதிகாரம் படித்துவிட்டு பத்து மணிக்கு இதைச் சொல்வேன். இப்போது முடிகிற தேதிக்கு மேல் இரண்டு நாள் கூட்டித்தான் சொல்கிறேன். டிசம்பர் 10-க்கு மேல் ஆர்டர் இல்லை என்று பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுகிறேன். சிலர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள், அது நஷ்டம்தான். மிஞ்சின துணியை, ஒரு சாண் இருந்தாலும், ஜாக்கெட்டோடு மடித்துக் கொடுத்துவிடுகிறேன். அதற்காகவே திரும்ப வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷினுக்கு உறை போட்டுவிடுங்கள். உங்களுக்கு மிஷின் இல்லையென்றால் லேப்டாப்போ கடை ஷட்டரோ ஏதோ ஒன்று. ஞாயிறு சமையலுக்கு மசாலாவை அன்றைக்கே அரைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் ஆராதனை பாதியில்தான் தொடங்கும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதற்கும் அந்த சாயங்காலம்தான் சரி. பலிபீடத்துக்கு முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

"என்ன, இந்நேரத்துல?"

"சும்மாதான் வந்தேன் அக்கா."

காபி போட்டுக் கொடுத்தாள். சண்டையைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

காலையில் படிப்பது சில நாள் விட்டுப்போகும். ஜனவரி 1-ல் தொடங்கினால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 அதிகாரம் தாண்டி, மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து சேருவீர்கள். பாதிப் பேர் அங்கேதான் படுத்துவிடுகிறார்கள், நானே மூன்று தடவை படுத்திருக்கிறேன். விட்ட நாட்களை ஒரேயடியாகப் படித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அன்றைய தேதிக்கு உரியதைத் திறந்து, அங்கிருந்து போங்கள். விட்டதை அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம்.